கடைய உடைக்கலாமா, அப்படியே விடலாமா? – வாசகர் கேள்வி பதில்

ஆன்லைன் கடை நடத்துறவங்க சந்தேகம் இருந்தா எழுதுங்கன்னு போன இதழ்ல போட்டிருந்தோம். கடலூர், புதுச்சேரி பக்கத்துலேருந்து வந்ததுல பாதிக்கு மேல ஒரே கேள்விதான், மோனோலித்த (எல்லாமே ஒரே ஆப்பா இருக்குறத) உடைச்சு மைக்ரோசர்வீஸ் (தனித்தனியா ஓடுற சின்னச் சின்ன ஆப்) ஆக்கலாமான்னு. அதனால இந்த வாரம் முழுக்க அதுக்கே ஒதுக்கியாச்சு. யார் பேரும் போடல, ஊர் மட்டும்தான்.

கேள்வி: அண்ணே, நாங்க பண்ருட்டி முந்திரி, கருவாடு, பலாப்பழ சிப்ஸ்லாம் ஆன்லைன்ல விக்கிறோம். லாராவெல்ல எழுதுன ஆப், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ், ஒரே சர்வர், கோடு பாக்குறது மூணே பேர். பொங்கல் ஆஃபர் போட்ட அன்னிக்கு சைட் நின்னே போச்சு, கஸ்டமருக்கு 502, 504னு மாத்தி மாத்தி வந்துச்சு. எல்லாம் ஒரே ஆப்பா இருக்குறதுதான் பிரச்சனை, ஆறு சர்வீஸா பிரிச்சுட்டா சரியாயிடும்னு புதுசா சேந்த பையன் சொல்றான். பிரிக்கலாமா?
– மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: வேணாம் தம்பி. மொதல்ல அன்னிக்கு நின்னது எதுன்னு பாருங்க. 504ன்னா முன்னாடி நிக்கிற எஞ்சின்எக்ஸ்ங்கற வெப் சர்வர், பின்னாடி உங்க லாராவெல் ஆப்ப ஓட்டுற பிஹெச்பி பதில் சொல்லும் சொல்லும்னு காத்திருந்துட்டு விட்டுடுச்சுன்னு அர்த்தம், யாரும் மாத்தலன்னா 60 செகண்ட் காத்திருக்கும். 502ன்னா பிஹெச்பிகிட்ட கனெக்‌ஷனே கிடைக்கல, இல்லன்னா அது பாதியிலயே செத்துப்போச்சு. ரெண்டும் கலந்து வருதுன்னா நான் மொதல்ல சந்தேகப்படுறது பிஹெச்பி ஒர்க்கர்கள ஓட்டுற பிஹெச்பி-எஃப்பிஎம்மோட கான்ஃபிக் ஃபைலத்தான். அதுல மேக்ஸ் சில்ட்ரன்னு (ஒரே நேரத்துல எத்தன ஒர்க்கர் வேலை செய்யலாங்கறது) ஒரு வரி இருக்கும், இன்ஸ்டால் பண்ண நாள்லேருந்து யாரும் தொடலன்னா பெரும்பாலும் அது 5னுதான் இருக்கும். அஞ்சு பேர் ஒரே நேரத்துல பட்டன அமுக்குனா ஆறாவது ஆளு வரிசையில நிக்கணும். பொங்கல் ஆஃபருக்கு அஞ்சு பேரா வருவாங்க? ஒரு ஒர்க்கர் 60 எம்பி மெமரி எடுக்குதுன்னு வச்சுக்கிட்டா, 4 ஜிபி சர்வர்ல பாதிய டேட்டாபேஸுக்கு விட்டாக்கூட 30 ஒர்க்கர் தாராளமா ஓடும்.

அடுத்து செக்அவுட் கோட தொறந்து வரிசையா என்ன நடக்குதுன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. உங்களது எப்படின்னு தெரியல, ஆனா நான் பாத்த கடையில எல்லாம் ஆர்டர் எழுதும், ஸ்டாக் குறைக்கும், பில் பிடிஎஃப் போடும், ஈமெயில் அனுப்பும், வாட்ஸ்அப் அனுப்பும், கூரியர்காரன் ஏபிஐய (அவங்க சிஸ்டத்தோட நம்ம கோடு பேசுற வழிய) கூப்பிடும், இத்தனையும் முடிஞ்சாத்தான் கஸ்டமருக்கு "ஆர்டர் ஆயிடுச்சு"ன்னு காட்டும். கூரியர் ஏபிஐ அன்னிக்கு மந்தமா இருந்து 8 செகண்ட் எடுத்துச்சுன்னா உங்க ஒர்க்கர் 8 செகண்டும் சும்மா வாயப் பாத்துக்கிட்டு நிக்கும். ஆர்டர், ஸ்டாக் ரெண்டு மட்டும் அங்க இருக்கட்டும், மத்ததெல்லாம் கியூவுக்கு (வரிசையில போட்டு வச்சு பின்னாடி செய்ற ஏற்பாட்டுக்கு) போகட்டும். லாராவெல்லயே கியூ இருக்கு, காசு குடுத்து வாங்க வேண்டியதில்ல. அதுல ஒண்ணே ஒண்ணு கவனம், ட்ரான்சாக்‌ஷன் கமிட் ஆகுறதுக்கு (டேட்டாபேஸ்ல நிலையா பதிவாகுறதுக்கு) முன்னாடியே ஜாப கியூவுல போட்டீங்கன்னா ஒர்க்கர் முந்திக்கிட்டு ஓடி அந்த ஆர்டரத் தேடும், அது டேட்டாபேஸ்ல இன்னும் இருக்காது, ஜாப் ஃபெயில் ஆகும், கூட்டம் இருக்குற அன்னிக்கு மட்டும்தான் ஆகும்ங்கறதால டெஸ்ட்ல மாட்டவே மாட்டாது. கமிட் ஆனப்புறம் அனுப்புன்னு ஒரு செட்டிங் இருக்கு, அத போட்டுடுங்க.

சரி, இப்ப அந்தப் பையன் சொன்ன மாதிரி ஆறா பிரிச்சுட்டோம்னே வச்சுக்குவோம். ஒண்ணொண்ணும் ரெண்டு காப்பி ஓடுது, ஒவ்வொரு காப்பியும் டேட்டாபேஸுக்கு 20 கனெக்‌ஷன் பிடிச்சு வைக்குது. மொத்தம் 240. மைஎஸ்க்யூஎல் டீஃபால்ட்டா விடுறது 151. ஆஃபரே போட வேணாம், சாதாரண செவ்வாக்கெழமையே சைட் நிக்கும். அப்புறம் இன்னொரு கணக்கு. ஒரு சர்வீஸ் 99.9% நேரம் ஒழுங்கா ஓடுதுன்னா மாசத்துக்கு 43 நிமிஷம் படுத்திருக்கும், பரவால்ல. ஆறும் ஓடுனாத்தான் ஆர்டர் போகும்னு வச்சிட்டீங்கன்னா ஆறையும் பெருக்கணும், 99.4% வருது, அதாவது மாசத்துக்கு நாலு மணி நேரத்துக்கு மேல. ஒவ்வொண்ணும் முன்னாடி மாதிரியே நல்லாத்தான் ஓடுது, ஆனா கடை மட்டும் ஆறு மடங்கு அதிகமா மூடியிருக்கு.

பையன திட்டாதீங்க, அவன் சொல்றதுல பாதி நியாயம் இருக்கு. கோடு சிக்கலாயிடுச்சுங்கறது அவனுக்குத்தான் தெரியும், உக்காந்து வேலை செய்றவன் அவன்தான். அதுக்கு சர்வர பிரிக்க வேணாம், கோட பிரிச்சா போதும். கேட்டலாக் ஒரு ஃபோல்டர், ஆர்டர் ஒரு ஃபோல்டர், பேமென்ட் ஒரு ஃபோல்டர், ஒருத்தர் டேபிள இன்னொருத்தர் நேரா தொடக்கூடாது, வேணும்னா அவங்க குடுக்குற ஃபங்க்‌ஷன் வழியா கேக்கணும். ஷாப்பிஃபை எவ்ளோ பெரிய ஆன்லைன் கடை மென்பொருள் கம்பெனி, அவங்க மெயின் ஆப் இன்னிக்கும் ரூபி ஆன் ரெயில்ஸ்ல ஒரே பெரிய ஆப்தான், உள்ளுக்குள்ள தடுப்பு போட்டு வச்சிருக்காங்க. மூணு பேருக்கு அதுவே ஜாஸ்தி.

கேள்வி: எங்க கம்பெனில 20 டெவலப்பர், நாலு டீம். வில்லியனூர் சுடுமண் பொம்மை, கைவினைப் பொருள், ஊதுபத்தி இதெல்லாம் வெளிநாட்டுக்கும் போகுது. எல்லாரும் ஒரே கோட்லதான் வேலை செய்றோம், ரெண்டு வாரத்துக்கு ஒரு ரிலீஸ், ஒரு டீம் பக் விட்டா நாலு டீம் வேலையும் திரும்பி வந்துடுது. அதனால பிரிக்கிறதுன்னு முடிவாயிடுச்சு அண்ணா, அத மாத்த முடியாது. எங்க ஆரம்பிக்கிறது? எம்டி செக்அவுட்தான் முக்கியம், அதுலேருந்து ஆரம்பிங்கன்னு சொல்றார்.
– லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: உங்க காரணம் நல்ல காரணம். ஒருத்தர் வேலைக்கு இன்னொருத்தர் காத்திருக்க வேண்டியிருக்குங்கறதுக்காக பிரிக்கிறதுதான் சரியான பிரிப்பு, மெல்வின் கான்வேன்னு ஒரு கம்ப்யூட்டர் விஞ்ஞானி 1968லயே எழுதிட்டாரு, ஒரு நிறுவனத்துல ஆளுங்க எப்படி பேசிக்கிறாங்களோ அதே அமைப்புலதான் அவங்க செய்ற சிஸ்டமும் வரும்னு. நாலு டீம் இருக்குன்னா நாலஞ்சு சர்வீஸ், அதுக்கு மேல போகாதீங்க. 20 பேர் வச்சிக்கிட்டு 35 சர்வீஸ் ஆரம்பிச்ச இடத்த பாத்திருக்கேன், பாதி சர்வீஸுக்கு யாரு ஓனர்னு கேட்டா ஆளுக்கு ஆள் மூஞ்சப் பாப்பாங்க.

எம்டிகிட்ட மரியாதையா சொல்லுங்க, செக்அவுட் முக்கியம்ங்கறதாலதான் அது கடைசி. மொதல் சர்வீஸ பிரிக்கும்போது டீமுக்கு எதுவும் பழகியிருக்காது, டிப்ளாய் எப்படி, லாக் எங்க, ராத்திரி யாரு எழுந்துக்கிறது எதுவும் தெரியாது, அந்தப் பழக்கத்த காசு வர்ற இடத்துல கத்துக்கக் கூடாது. ப்ராடக்ட் தேடுறது, இல்லன்னா நோட்டிஃபிகேஷன், இதுல ஒண்ண எடுங்க. கெட்டா கஸ்டமர் கொஞ்சம் திட்டுவார், காசு போகாது. நான்னா தேடலதான் எடுப்பேன், ஏன்னா அதுக்கு படிக்கிற வேலை மட்டும்தான், ஆர்டர் டேபிள்ல கைய வைக்காது.

எப்படி எடுக்கிறதுங்கறதுக்கு மார்ட்டின் ஃபவுலர்ங்கற மென்பொருள் எழுத்தாளர் 2004ல ஒரு வழி சொன்னாரு, ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து பக்கம் வேற மரத்து மேல வளந்து அத சுத்தி இறுக்குற அத்தி மரங்கள பாத்துட்டு ஸ்ட்ராங்க்ளர்னு அந்தப் பேரையே வச்சாரு. நம்ம ஊர்ல பனைமரத்து மேல ஆலங்கன்னு முளைச்சு வேர் கீழ எறங்கி, கடைசியில பனை எங்கன்னு தேட வேண்டியிருக்கும்ல, அதேதான். பழைய ஆப்ப தொடாம அதுக்கு முன்னாடி எஞ்சின்எக்ஸ நிறுத்தி, எல்லா ரிக்வெஸ்ட்டும் பழையதுக்கே போகட்டும்னு விடுங்க. அந்த ஒரு மாத்தத்த மட்டும் ரிலீஸ் பண்ணி ஒரு வாரம் பாருங்க. அப்புறம் தேடல் யூஆர்எல் மட்டும் புது சர்வீஸுக்கு, அதுவும் கஸ்டமருக்கு பதில் பழையதுலேருந்தே போகட்டும், புதுசுக்கு அதே கேள்விய நிழல் மாதிரி அனுப்பி ரெண்டு பதிலும் ஒண்ணாருக்கான்னு லாக்ல ஒப்பிடுங்க. நூறுல ஒண்ணு வித்தியாசம் வரும், அங்க தோண்டுனா தமிழ் யூனிகோட் பிரச்சனையா இருக்கும், "பொம்மை"ல வர்ற "பொ"வ ஒருத்தர் ஒரே எழுத்தா டைப் பண்ணியிருப்பார், இன்னொருத்தர் ஒற்றைக்கொம்பு, கால்னு தனித்தனி குறியா டைப் பண்ணியிருப்பார், கண்ணுக்கு ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு வேற. நார்மலைஸ் பண்ணாம (ரெண்டையும் ஒரே வடிவத்துக்கு மாத்தாம) ஒப்பிட்டா கிடைக்காது. இந்த மாதிரி விஷயம் எந்த ஸ்பெக்லயும் இருக்காது, பழைய கோட்ல எவரோ ஒரு மூலையில சரி பண்ணி வச்சிருப்பாங்க. எல்லாம் ஒத்துப்போனப்புறம் 1%, 10%, பாதி, முழுசுன்னு ஏத்துங்க, எந்த நிமிஷமும் ஒரு வரி கான்ஃபிக்க மாத்தி திரும்பி வர மாதிரி இருக்கணும்.

கோட பிரிக்கிறது சுலபம், டேட்டாவப் பிரிக்கிறதுதான் கை கடிக்கும். ப்ராடக்ட் டேபிள யாரெல்லாம் ஜாயின் பண்றாங்கன்னு (தங்க டேபிளோட சேத்துப் படிக்கிறாங்கன்னு) தேடுனா கார்ட், ஆர்டர், கூப்பன், ரிட்டர்ன், அக்கவுண்ட்ஸ் ரிப்போர்ட்னு வந்துக்கிட்டே இருக்கும். சரி, டேபிள் பழைய எடத்துலயே இருக்கட்டும், நாலு சர்வீஸும் அதையே படிக்கட்டும்னு ஒருத்தர் சொல்வார், மீட்டிங்ல எல்லாரும் தலையாட்டுவாங்க. அத மட்டும் ஒத்துக்காதீங்க. டேபிள்ல ஒரு காலம் (column) பேர மாத்துனா நாலு சர்வீஸும் ஒரே நாள்ல ரிலீஸ் பண்ணணும், பழைய ரெண்டு வார ரிலீஸே தேவலாம்னு ஆயிடும். இன்னொண்ணு, பழைய ஆர்டர்ல பொருள் பேரும் விலையும் ப்ராடக்ட் டேபிள்லேருந்து ஜாயின் போட்டு காட்டுறீங்கன்னா மொதல்ல அத நிறுத்துங்க. ஆர்டர் போட்ட நிமிஷத்துல இருந்த பேரு, விலை, வரி எல்லாத்தையும் ஆர்டர் லைன்லயே காப்பி பண்ணி வைங்க. மைக்ரோசர்வீஸே வேணாம்னாலும் இது சரியான வழி, நேத்து 450க்கு வித்த பொம்மைக்கு இன்னிக்கு 500னு பில் வரக்கூடாதுல்ல.

விலை மாறுனா மத்த சர்வீஸுக்கு எப்படித் தெரியும்? டேட்டாபேஸ்லயும் எழுதி, அடுத்த வரியில காஃப்காவுக்கும் (சர்வீஸ்களுக்கு நடுவுல சேதி கடத்துற மென்பொருள்) அனுப்புனா போச்சுன்னு எழுதுவாங்க. அந்த ரெண்டு வரிக்கு நடுவுல சர்வர் செத்துச்சுன்னா விலை மாறியிருக்கும், சேதி போயிருக்காது, யாருக்கும் தெரியாது. அதுக்குத்தான் அவுட்பாக்ஸ். அதே டேட்டாபேஸ்ல, அதே ட்ரான்சாக்‌ஷன்ல, "இந்த சேதிய அனுப்பணும்"னு ஒரு டேபிள்ல எழுதி வச்சிருங்க, தனியா ஒரு ப்ராசஸ் அத எடுத்து அனுப்பட்டும், இல்ல டெபீசியம் மாதிரி ஒரு டூல் பின்லாக்லேருந்தே (மைஎஸ்க்யூஎல் தன் மாத்தங்கள எழுதி வைக்கிற லாக்) படிச்சு அனுப்பட்டும். சேதி சில சமயம் ரெண்டு தடவ போகும், வாங்குறவங்க அதுக்கு தயாரா இருக்கணும்.

கடைசியா, புதுசுக்கு மாறுனப்புறம் பழைய தேடல் கோட டெலீட் பண்ணுங்க. இத நாள் குறிச்சு, ஆள் போட்டு பண்ணலன்னா நடக்காது. ரெண்டு வருஷம் கழிச்சு ரெண்டும் ஓடிக்கிட்டிருக்கும், எது நிஜம்னு கேட்டா யாராலயும் சொல்ல முடியாது.

கேள்வி: நாங்க ஏற்கனவே ஆர்டர், பேமென்ட், ஸ்டாக்னு மூணா பிரிச்சுட்டோம் அண்ணே. அதுலேருந்து ஒரே தலைவலி. யூபிஐல காசு போயிடுது, ஆர்டர் ஃபெயில்னு காட்டுது. சிலருக்கு ரெண்டு தடவ காசு போகுது. கடைசி ஒரு பாக்கெட்ட ரெண்டு பேருக்கு வித்துடுறோம். முன்னாடி ஒரே ஆப்பா இருந்தப்ப இப்படி இல்லயே?
– நெல்லிக்குப்பம்

பதில்: இருந்திருக்காது, ஏன்னா அப்ப டேட்டாபேஸ் ட்ரான்சாக்‌ஷன் உங்கள காப்பாத்திக்கிட்டு இருந்துச்சு. மூணும் ஒண்ணா நடக்கும், இல்ல மூணுமே நடக்காது. பிரிச்ச அன்னிக்கே அந்தக் காவல் போயிடுச்சு, அத நீங்களே கையால எழுதணும்.

நெட்வொர்க் வழியா ஒருத்தர கூப்பிட்டா ஆச்சு, ஆகலங்கற ரெண்டு பதில் மட்டும் இல்ல. மூணாவது ஒண்ணு இருக்கு, பதிலே வரல. உங்க ஆர்டர் சர்வீஸ் 5 செகண்ட் காத்திருந்துட்டு டைம்அவுட்னு சொல்லி ஃபெயில்னு எழுதியிருக்கும், பேமென்ட் அந்தப் பக்கம் ஆறாவது செகண்ட்ல வெற்றிகரமா முடிஞ்சிருக்கும். டைம்அவுட்ட ஃபெயில்னு எழுதுற அந்த ஒரு வரிய கண்டுபிடிச்சு "பெண்டிங்"னு மாத்துங்க, பாதி தலைவலி அங்கயே போயிடும். பெண்டிங்ல இருக்குறத ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ பேமென்ட் கேட்வேகிட்ட ஸ்டேட்டஸ் கேக்குற ஒரு வேலை ஓடட்டும். வெப்ஹூக் (காசு வந்ததும் கேட்வே தானா நம்ம யூஆர்எல்லுக்கு அனுப்புற சேதி) வந்தா நல்லது, ஆனா அது வராமயும் போகும், ரெண்டு தடவையும் வரும், கஸ்டமர் ப்ரவுசர் திரும்பி வர்றதுக்கு முன்னாடியேயும் வந்து நிக்கும், மூணுக்கும் கோடு வேணும். சிக்னேச்சர (கேட்வேதான் அனுப்புச்சுங்கற அடையாளத்த) சரிபாக்காம வெப்ஹூக்க நம்புறவங்களும் இருக்காங்க, அந்த யூஆர்எல் தெரிஞ்ச எவனும் "காசு வந்துடுச்சு"ன்னு அனுப்பிட்டு பார்சல் வாங்கிக்கலாம்.

ரெண்டு தடவ காசு போகுறதுக்கு காரணம் ரீட்ரை. பதில் வரலன்னு திரும்பக் கூப்பிடுறீங்க, அந்தப் பக்கம் அது புது பேமென்ட்னு நினைக்குது. செக்அவுட் பக்கம் தொறக்கும்போதே ஒரு கீ உருவாக்கி, அந்த ஆர்டருக்கு எத்தன தடவ கூப்பிட்டாலும் அதே கீய அனுப்புங்க. பேமென்ட் சர்வீஸ் அந்தக் கீய யூனிக் இண்டெக்ஸ் (ஒரே மதிப்ப ரெண்டு தடவ விடாத பூட்டு) போட்ட டேபிள் காலம்ல (column) எழுதட்டும், ரெண்டாவது தடவ வந்தா எழுதவே விடாது, பழைய பதிலையே திருப்பிக் குடுக்கலாம். மொதல்ல செலக்ட் போட்டு இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் இன்சர்ட் பண்றேன்னு எழுதாதீங்க, ஒரே மில்லிசெகண்ட்ல ரெண்டு வந்தா ரெண்டுமே "இல்ல"ன்னு பாத்துட்டு ரெண்டுமே எழுதும்.

கடைசி பாக்கெட்டும் இதே கதைதான். "ஸ்டாக் எவ்ளோ"ன்னு படிச்சு, கோட்ல ஒண்ணக் கழிச்சு, திரும்ப எழுதுறீங்க, சரியா? அதுக்கு பதிலா ஒரே அப்டேட், "இருப்பு ஒண்ணு இல்ல அதுக்கு மேல இருந்தா ஒண்ணக் குறை"ன்னு கண்டிஷனோட. எத்தன ரோ (டேபிள்ல ஒரு வரி) மாறுச்சுன்னு பாருங்க, சைபர்னா சரக்கு தீந்துடுச்சு. காசு வர்ற வரைக்கும் வித்ததா கணக்கு வைக்காம ரிசர்வ்னு ஒரு 15 நிமிஷத்துக்கு வைங்க, காசு வரலன்னா தானா திரும்பட்டும். 16வது நிமிஷம் காசு வந்தா என்ன பண்றதுன்னு கேப்பீங்க. ரீஃபண்ட்தான், வேற வழியில்ல, அதையும் முன்கூட்டியே எழுதி வைங்க.

இப்படி ஒவ்வொரு படியா போயி, நடுவுல உடைஞ்சா முன்னாடி பண்ணத ஒவ்வொண்ணா சரிக்கட்டுறதுக்கு சாகான்னு பேரு, 1987ல கார்சியா-மோலினா, கென்னத் சேலம்னு ரெண்டு பேர் எழுதுன பேப்பர், அப்ப மைக்ரோசர்வீஸ்னு பேச்சே கிடையாது. சரிக்கட்டுறது வேற, நடக்காத மாதிரி ஆக்குறது வேற, அனுப்புன எஸ்எம்எஸ்ஸ திரும்ப வாங்க முடியாது. எந்தப் படியில நிக்குதுங்கறத ஆர்டர் சர்வீஸ் ஒரே டேபிள்ல வச்சிக்கிட்டு அதுவே அடுத்தவங்கள கூப்பிடட்டும். ஆளாளுக்கு ஈவண்ட் கேட்டு தானா வேலை செய்யட்டும்னு விட்டா அழகாத்தான் இருக்கும், ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு கஸ்டமர் ஆர்டர் எங்க நிக்குதுன்னு கேட்டா பதில் சொல்ல ஆள் இருக்காது.

என் அபிப்ராயம் கேட்டா ஸ்டாக்கையும் ஆர்டரையும் திரும்ப ஒண்ணாக்கிடுவேன். வெக்கப்பட ஒண்ணுமில்ல.

கேள்வி: இன்வாய்ஸ் நம்பர எந்த சர்வீஸ் போடணும்? ஆட்டோ இன்க்ரிமென்ட் வச்சிருக்கோம், நடுவுல நம்பர் விட்டுப்போகுதுன்னு ஆடிட்டர் சத்தம் போடுறார். அப்புறம் வரி பின்கோட வச்சு கணக்கு போடுறோம், அதுலயும் தப்பு வருது.
– ஆல்பேட்டை, கடலூர்

பதில்: ஆடிட்டர் சத்தம் போடுறதுல நியாயம் இருக்கு. ஜிஎஸ்டி விதி 46 இன்வாய்ஸ் நம்பர் வரிசையா இருக்கணும், 16 எழுத்துக்கு மேல போகக்கூடாது, அந்த நிதியாண்டுல ஒரே நம்பர் ரெண்டு தடவ வரக்கூடாதுன்னு சொல்லுது. ஆட்டோ இன்க்ரிமென்ட்ல ட்ரான்சாக்‌ஷன் ரோல்பேக் (பாதியில ரத்து) ஆனா நம்பர் போனது போனதுதான், திரும்ப வராது. பில்லிங்னு ஒரே எடம் வைங்க, நம்பருக்கு தனியா ஒரு ரோ, அத லாக் பண்ணி ஒண்ணு ஏத்தி அதே ட்ரான்சாக்‌ஷன்ல இன்வாய்ஸையும் எழுதுங்க, ரோல்பேக் ஆனா நம்பரும் சேந்து திரும்பிடும். கொஞ்சம் மெதுவாத்தான் இருக்கும், நாளைக்கு ரெண்டாயிரம் பில் போடுற கடைக்கு அது ஒரு பொருட்டே இல்ல. இல்ல ரெண்டு சர்வீஸ்தான் பில் போடும்னா ஆளுக்கு ஒரு சீரிஸ் வச்சிக்கலாம், சட்டத்துல அதுக்கு எடம் இருக்கு. யூயூஐடி (நீளமா வர்ற தனி அடையாள நம்பர்) போடலாமான்னு யாராவது கேட்டா 16 எழுத்துங்கறத ஞாபகப்படுத்துங்க.

பின்கோடு விஷயம் நம்ம பக்கத்து ஆளுங்களுக்கே உள்ள கஷ்டம். ஆல்பேட்டை தாண்டி பாலத்துல ஏறி கொஞ்ச தூரம் போனா புதுச்சேரி, சைக்கிள்ல போயிடலாம், ஆனா வரிக்கு அது வேற மாநிலம், ஜிஎஸ்டி மாநில நம்பர் தமிழ்நாடு 33, புதுச்சேரி 34, அங்க போற பார்சலுக்கு ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் போற சரக்குக்கான ஜிஎஸ்டி). 605ல ஆரம்பிச்சா புதுச்சேரின்னு எழுதியிருப்பீங்க. 605001 புதுச்சேரிதான், 605602 விழுப்புரம், அது தமிழ்நாடு. அதே புதுச்சேரிக்கு சேந்த காரைக்கால் 609ல, மாஹே கேரளா பக்கம் 673ல, ஏனாம் ஆந்திரா பக்கம் 533ல. மொத மூணு நம்பர வச்சு மாநிலம் கண்டுபிடிக்கிற கோடு எல்லா சர்வீஸ்லயும் ஒரு காப்பி இருக்கும், தேடிப்பாருங்க. அட்ரஸ்ல மாநிலத்த கஸ்டமரையே தேர்ந்தெடுக்க விட்டு, முழு ஆறு இலக்க பட்டியலோட சரிபாத்து, வரி கணக்கையும் பில்லிங் மட்டுமே போடட்டும்.

கேள்வி: மைக்ரோசர்வீஸ்னா குபர்நெட்டீஸ் கட்டாயமா அண்ணா?
– முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: இல்ல. ரெண்டு சர்வரும் டாக்கர் கம்போஸும் (பல சர்வீஸ ஒரே ஃபைல் வச்சு ஓட்டுற டூல்) வச்சு நாலு சர்வீஸ் நிம்மதியா ஓட்டலாம். குபர்நெட்டீஸ்ங்கறது நிறைய சர்வர்ல சர்வீஸ்கள தானா ஓட்டிக்கிற ஏற்பாடு, அத பாத்துக்கவே ஒரு ஆள் வேணும், அந்த ஆள் சம்பளத்த மொதல்ல கணக்குல சேருங்க.

கேள்வி: நான் புதுச்சேரில இன்ஜினியரிங் ஃபைனல் இயர். அமேசான், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் மைக்ரோசர்வீஸ்தான்னு இன்டர்வியூல கேக்குறாங்க. நீங்க ஏன் அதுக்கு எதிரா பேசுறீங்க?
– காலாப்பட்டு

பதில்: எதிரா இல்ல தம்பி, யாருக்கு எப்ப எதுக்குன்னு கேக்குறேன். நெட்ஃப்ளிக்ஸுக்கு 2008 ஆகஸ்ட்ல டேட்டாபேஸ் கெட்டுப்போயி மூணு நாள் டிவிடி அனுப்ப முடியாம போச்சு, அப்பதான் மாறணும்னு முடிவு பண்ணாங்க, முழுசா முடிச்சது 2016 ஜனவரி. அவங்ககிட்ட இருக்குற ஆளும் காசும் வச்சே ஏழு வருஷம். இதையும் இன்டர்வியூல சொல்லுங்க. அதே மாதிரி செக்மெண்ட்ங்கற கம்பெனி 140 சர்வீஸுக்கு மேல வச்சு நொந்துபோய் ஒண்ணாக்குனதா 2018ல எழுதுனாங்க. அமேசான் ப்ரைம் வீடியோல வீடியோ தரத்த கண்காணிக்கிற ஒரு டீம் பிரிச்சு வச்சத ஒரே ப்ராசஸ் ஆக்கி செலவ 90% குறைச்சதா 2023ல எழுதுனாங்க. உடனே அமேசானே மோனோலித்துக்கு திரும்பிடுச்சுன்னு மீம் போட்டாங்க, அது தப்பு, ஒரு டீம் ஒரு டூல்ல பண்ண வேலை அது. இன்டர்வியூ எடுக்குறவர் எந்தப் பக்கம்னு தெரியாதப்ப, "உங்க கம்பெனில எத்தன டீம் சார்?"னு திருப்பிக் கேளுங்க, பேச்சு நல்லா போகும்.

கேள்வி: ஃபெஞ்சல் புயல் அன்னிக்கு ஆபீஸ்ல கரண்ட் போயி, எங்க சர்வரும் போயி, ரெண்டு நாள் கடை மூடிக் கெடந்துச்சு. மைக்ரோசர்வீஸா இருந்திருந்தா ஓடியிருக்குமா?
– அரியாங்குப்பம்

பதில்: ஒரே பொட்டியில ஆறு சர்வீஸ் இருந்திருந்தா ஆறும் ஒண்ணா செத்திருக்கும். 2024 நவம்பர் 30 ராத்திரி அந்த மழையில புதுச்சேரியே தண்ணில நின்னுச்சு, 2011ல தானே புயல் வந்தப்ப நாள் கணக்குல கரண்ட் இல்ல, நம்ம கடக்கரைக்கு இது புதுசில்ல. ஆபீஸ் சர்வர விட்டுட்டு க்ளவுட்ல மும்பை மாதிரி வேற ஊர்ல வைங்க, தினம் பேக்அப் எடுத்து இன்னொரு எடத்துல போடுங்க, மாசம் ஒரு தடவ அந்த பேக்அப்ப நிஜமாவே ரீஸ்டோர் பண்ணிப் பாருங்க. ஒரே ஆப்பா இருந்தா இது இன்னும் சுலபம், ஒரே டேட்டாபேஸ் பேக்அப். ஆறு டேட்டாபேஸ ஆறு நேரத்துல எடுத்து ரீஸ்டோர் பண்ணா ஆர்டர் இருக்கும், அதுக்கு பேமென்ட் இருக்காது.

கேள்வி: தம்பி, எனக்கு வயசு அறுபத்தி மூணு, முந்திரி மொத்த வியாபாரம், பையன் வற்புறுத்துனதால ஆன்லைன்லயும் விக்கிறேன். சாஃப்ட்வேர்காரங்க வந்து பழைய சைட்ட தூக்கிப் போட்டுட்டு மைக்ரோசர்வீஸா புதுசா பண்ணணும், ஒம்பது லட்சம், எட்டு மாசம்னு சொல்றாங்க. எனக்கு இதெல்லாம் புரியாது. அவங்ககிட்ட நான் என்ன கேக்கணும்?
– பண்ருட்டி

பதில்: ஐயா, உங்களுக்கு வியாபாரம் புரியுது, அது போதும். இப்ப எந்த வேலை நடக்கல, அதனால மாசம் எவ்ளோ நஷ்டம்னு கேளுங்க. "ஸ்கேல் ஆகாது"ன்னு சொல்வாங்க. போன வருஷம் ஒரு நாள்ல அதிகபட்சம் எத்தன ஆர்டர் வந்துச்சுன்னு உங்க பையன எடுக்கச் சொல்லி அந்த நம்பர அவங்க முன்னாடி வைங்க, நானூறு ஐநூறு ஆர்டர்னா பழைய சைட்ட ரெண்டு வாரம் உக்காந்து சரி பண்ணாலே ஓடும்.

எட்டு மாசம் கழிச்சுத்தான் எதையும் பாக்க முடியும்னா ஒத்துக்காதீங்க. பழைய சைட் ஓடிக்கிட்டே இருக்க, ஒரு பகுதிய மட்டும் ஆறு வாரத்துல மாத்தி ஓட்டிக் காட்டச் சொல்லுங்க, அதுக்கு மட்டும் காசு குடுங்க. சரக்கு பாத்துட்டு காசு குடுக்குறது உங்களுக்குப் புதுசா என்ன?

அப்புறம் மாசச் செலவு. இப்ப சர்வருக்கு என்ன கட்டுறீங்க, மாத்துனப்புறம் என்ன கட்டணும்னு பேப்பர்ல எழுதித் தரச் சொல்லுங்க, ராத்திரி நின்னா யாரு ஃபோன எடுப்பாங்கன்னும் அதுலயே எழுதச் சொல்லுங்க. கோடு, டொமைன், க்ளவுட் அக்கவுண்ட், பேமென்ட் கேட்வே அக்கவுண்ட் எல்லாம் உங்க கம்பெனி பேர்லயும் உங்க ஈமெயில்லயும் இருக்கணும். இப்ப இருக்குற சைட்டுக்கே அது அப்படி இருக்கான்னு இன்னிக்கு சாயந்தரம் பையன விட்டு பாக்கச் சொல்லுங்க, இல்லன்னா ஒம்பது லட்சம் பேச்ச நிறுத்திட்டு அத முடிங்க.